சோளகக் காலத்தில் வன்னிக்கு வருகிறவர்களுக்கு

வைகாசியில், சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கும்போது, இலங்கையின் வடக்கே வன்னியில் உள்ள மாங்குளம் சந்தியில் பஸ்ஸால் இறங்குகிற புதியவர்களைச் சட்டையைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். காலையில் வெள்ளைச் சட்டையோடு ஒட்டுசுட்டான் பக்கமோ மல்லாவிப் பக்கமோ வெளிக்கிடுகிறவர், உள்வீதியில் நாலு கிலோமீற்றர் போவதற்குள் செம்மண் நிறத்துக்கு மாறிவிடுவார். கண் சிவந்து, தொண்டை காய்ந்து, "இந்தப் புழுதிக்குள் எப்படி இருக்கிறீர்கள்?" என்றுதான் முதலில் கேட்பார். ஒரு கிழமை போனதும் யானையைப் பற்றி இரண்டாவது கேள்வி வரும்.

நான் இந்த மண்ணில் வளர்ந்தவன். 2011 இல் மீள்குடியேறி வந்த நாளிலிருந்து இங்கேதான் படிப்பிக்கிறேன். ஒவ்வொரு வருடமும் புது ஆசிரியர்கள், வங்கிக்கு மாறி வருகிற பிள்ளைகள், வெளிநாட்டிலிருந்து காணி பார்க்க வருகிற சொந்தங்கள் எல்லாருக்கும் ஒரே விஷயத்தைத்தான் வாயால் சொல்லி வருகிறேன். கோடையில் வன்னியில் எல்லாவற்றையும் நடத்துவது இரண்டு: காற்று, தண்ணீர். காற்று எந்த நேரம் எழும்பும், தண்ணீர் எந்த இடத்தில் மிஞ்சியிருக்கிறது என்று தெரிந்தால் புழுதி எங்கே, யானை எங்கே, பாம்பு எங்கே என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். கீழே சொல்லுகிறவற்றை அந்த வரிசையிலேயே பழகுங்கள்.

முதலில் காற்றின் நேரம்

சோளகம் தென்மேற்கிலிருந்து வருகிற காற்று. நேர் மேற்கிலிருந்து அடித்தால் கச்சான் என்பார்கள். முறிகண்டிப் பிள்ளையாரடியில் வாங்கிக் கொறிக்கிற கச்சான் (நிலக்கடலை) வேறு. தெற்கிலும் மலையகத்திலும் மழையைக் கொட்டி முடித்துவிட்டு வருவதால் எங்களிடம் வரும்போது இந்தக் காற்றில் ஈரம் இருக்காது. வைகாசியில் தொடங்கி ஆனி, ஆடியில் உரத்து, புரட்டாதியில் தளரும். எங்களுக்கென்று உள்ள பெருமழை ஐப்பசிக்குப் பிறகுதான்.

நாளுக்குள்ளும் காற்றுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. விடிய ஆறு மணிக்கு வேப்பமரத்தில் இலை அசையாது. ஒன்பது, பத்து மணிக்கு நிலம் சூடேறத் தொடங்கியதும் உயரத்தில் வேகமாக ஓடுகிற காற்று கீழே இறங்கிக் கலக்கும். மத்தியானம் ஒன்றிலிருந்து நாலு வரை உச்சம். பொழுதுபட நிலம் குளிரும், காற்றும் படுக்கும். மன்னார், பூநகரிக் கரையோரங்களில் மட்டும் இரவிலும் விடாமல் வீசும். மன்னார்த் தீவில் 2020 இல் பெரிய காற்றாலைகளை நிறுவியது அந்தக் காற்றை நம்பித்தான்.

ஆகவே வெளிவேலையை விடியற்காலையில் முடியுங்கள். காணி அளக்க, கிணறு இறைக்க, வீடு வீடாகப் போக வேண்டியவர்கள் ஆறிலிருந்து ஒன்பதரைக்குள் பெரும்பங்கை முடித்துவிட வேண்டும். பின்னேரம் ஐந்துக்குப் பிறகு காற்று நல்லதுதான். ஆனால் அந்த நேரத்தில் காட்டுவீதிக்குப் போகக்கூடாது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

வெளிக்கிட முன் முற்றத்தில் ஒரு சிறங்கை புழுதியை எடுத்து நெஞ்சளவு உயரத்திலிருந்து மெல்ல விடுங்கள். நேராகக் காலடியில் விழுந்தால் தயக்கமில்லாமல் போகலாம். ஒரு முழம் தள்ளி விழுந்தால் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு போங்கள். விழாமல் புகையாகப் போனால், அவசரமில்லாத பயணத்தை அடுத்த நாள் விடியலுக்குத் தள்ளிவையுங்கள். எனக்கு இதைக் காட்டித் தந்தது என் அப்பு. அவர் அந்தப் புழுதி போகிற திசையையும் பார்த்துவிட்டுத்தான் காட்டுக்குள் கால் வைப்பார்.

புழுதி பிறக்கும் இடங்கள்

குவைத், கட்டார் பக்கம் வேலை செய்து வந்தவர்கள் எங்கள் புழுதியை அங்கத்தைய மணற்புயலோடு ஒப்பிடுவார்கள். அங்கே சமால் என்கிற வடமேற்குக் காற்று ஈராக்கின் சமவெளிகளிலிருந்து தூசியைத் தூக்கிக்கொண்டு வரும். வந்தால் நாட்கணக்கில் வானம் மஞ்சளாக நிற்கும், விமானமும் நிற்கும். ஓடி ஒளிய இடமில்லை. வன்னிப் புழுதி அப்படித் தூரத்திலிருந்து வருவதில்லை. இந்த வீதியில், இந்த வயலில், இந்தக் குளத்து அலைகரையில் (தண்ணீர் வற்ற வெளிப்படுகிற கரைநிலத்தில்) பிறந்து, கொஞ்சத் தூரம் போய் அங்கேயே படிகிறது. பிறக்கிற இடத்தைத் தெரிந்து வைத்திருந்தால் பாதிப் புழுதியைத் தவிர்க்கலாம்.

முதலாவது இடம் கிரவல் வீதி. காற்றை விட டிப்பர்தான் இங்கே புழுதியைக் கிளப்புகிறது. இரண்டாவது, காலபோக (மாரிப் பயிர்) அறுவடை முடிந்து சிறுபோகம் (கோடைப் பயிர்) விதைக்காமல் விட்ட வயல். குளத்தில் தண்ணீர் குறைவான வருடத்தில் சிறுபோகக் கூட்டத்தில் விதைப்பு ஏக்கரைக் குறைத்துத் தீர்மானிப்பார்கள். அந்த வருடம் வெறும் வயல் கூட, புழுதியும் கூடும். நீங்கள் கமக்காரராக இல்லாவிட்டாலும் அந்தத் தீர்மானத்தை விசாரித்து வையுங்கள். மூன்றாவது, வற்றிய குளத்தின் அலைகரை. வண்டல் காய்ந்து மாவாகிவிடும். அது கண்ணுக்குள் போனால் கிரவல் புழுதியை விட அதிகமாகக் கரிக்கும்.

வெறும் வயலில் மத்தியான வெயிலுக்குச் சுழல்காற்றும் எழும்பும். தென்னை உயரத்துக்குச் சருகையும் மண்ணையும் சுழற்றிக்கொண்டு வரும். பார்க்கப் பயமாக இருந்தாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் கலைந்துவிடும். வருகிற பாதையிலிருந்து பக்கவாட்டில் விலகி, முதுகைக் காட்டிக் குந்தியிருந்தால் போதும். தகரக் கொட்டிலுக்குள் மட்டும் ஒதுங்காதீர்கள். சரியாகக் கட்டாத தகரம் கழன்றால் கத்திதான்.

வீதியில்

மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கு: முகமூடிய ஹெல்மெற், அதற்குள் நனைத்துப் பிழிந்த லேஞ்சி (கைக்குட்டை). வெறும் மாஸ்க் அரைமணி நேரத்தில் அடைத்துவிடும். கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் பாவிப்பவர்கள் இந்த மாதங்களில் மூக்குக் கண்ணாடிக்கு மாறுங்கள். கண்ணில் புழுதி போனால் கசக்காமல், போத்தல் தண்ணீரால் கழுவுங்கள். இழுப்பு உள்ளவர்கள் பம்ப்பை வீட்டில் வைக்காமல் சட்டைப்பையில் வைத்திருங்கள். வந்த முதல் மாதமே பக்கத்து வைத்தியசாலைக் கிளினிக்கில் பதிவது நல்லது.

டிப்பருக்குப் பின்னால் போகாதீர்கள். முந்தவும் வேண்டாம். ஒரு ஆனி மாதம் மத்தியானம் பிள்ளைகளின் விடைத்தாள்களோடு வந்தபோது, முன்னால் போன டிப்பரின் புழுதி தாங்காமல் முந்தப் பார்த்தேன். புழுதிச் சுவரைத் தாண்டியதும் முன்னால் எருமைக் கூட்டம். பிறேக் பிடித்ததில் கிரவலில் சறுக்கி வாய்க்காலுக்குள் விழுந்து, தோள்மூட்டு விலகி, ஆறு கிழமை இடது கையைத் தூக்க முடியாமல் இருந்தேன். வீதியோரம் இரண்டு நிமிடம் நின்றிருந்தால் அவ்வளவு புழுதியும் படிந்திருக்கும். அன்றிலிருந்து நான் நிற்கிறேன். நீங்களும் நில்லுங்கள். எதிரே டிப்பர் வந்தாலும் வேகத்தைக் குறைத்து, லைற்றைப் போட்டு, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்த ஓரத்தில் ஒதுங்குங்கள். புழுதி மற்றப் பக்கம் போய்விடும்.

வீட்டில்

வாடகைக்கு வீடு பார்க்கும்போது மேற்குப் பக்கம் மரம் நிற்கிறதா என்று பாருங்கள். வேம்பும் மாவும் நிற்கிற வளவில் புழுதி பாதி குறையும். மேற்கு யன்னலைக் காலை ஒன்பதரைக்குச் சாத்தி, கிழக்கு யன்னலைத் திறந்து விடுங்கள். முற்றத்துக்கு விடியவே தண்ணீர் தெளிக்க வேண்டும். மத்தியானம் தெளித்தால் தண்ணீர்தான் வீண். கிணற்றுக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் வலை அல்லது மூடி வேண்டும், குரங்குக்காகவும் சேர்த்து. குப்பையைக் கொளுத்துவதானால் காற்று படுத்த நேரத்தில், பக்கத்தில் வாளித் தண்ணீரோடு நின்று கொளுத்துங்கள். தேக்கங்காட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் கொளுத்தவே வேண்டாம். உதிர்ந்த தேக்கிலைக்கு ஒரு பொறி போதும்.

குடிக்கிற தண்ணீர்

வெயிலோடு காற்றும் வீசும்போது வியர்வை தோலில் நிற்காமல் காய்ந்துவிடும். வியர்க்கவில்லை என்று நினைத்துத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவீர்கள். புதியவர்கள் தலைசுற்றி விழுவது இதனால்தான். தாகத்தைப் பார்க்காமல் மணிக்கு ஒரு தடவை குடியுங்கள். மோர், கூழ், இளநீர் நல்லது. பையில் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனி உப்புப் பொதி இரண்டு வைத்திருங்கள். பல இடங்களில் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாகவோ சுண்ணாம்பு கூடியதாகவோ இருக்கும். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் பல குடும்பங்களைத் தொட்டிருக்கிறது. அதனால் குடிப்பதற்குச் சுத்திகரித்த தண்ணீரை வாங்குவதே இப்போது எங்கள் வழக்கம். குளிக்க, கழுவக் கிணற்றுத் தண்ணீர் போதும்.

மிருகம் குடிக்கிற தண்ணீர்

ஆடி முடியும்போது காட்டுக்குள் உள்ள மோட்டைகள் (சின்னக் குட்டைகள்) வற்றிவிடும். கனகராயன் ஆறு, பாலியாறு, பறங்கியாறு எல்லாம் பல இடங்களில் வெறும் மணலாகக் கிடக்கும். அந்த மணலை யானை காலால் தோண்டி ஊற்றெடுக்கும். அது குடித்துவிட்டுப் போன குழியில் மரையும் மானும் பன்றியும் குடிக்கும். பிறகு மிஞ்சுவது இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கட்டுக்கரை போன்ற பெரிய குளங்களும், ஊருக்குள் இருக்கிற ஒன்றிரண்டு சின்னக்குளங்களும்தான். மனிதனும் மிருகமும் ஒரே தண்ணீருக்கு வருகிற மாதங்கள் இவை.

வந்த முதல் கிழமையிலேயே இதைச் செய்யுங்கள். ஊர் ஆள் ஒருவரோடு பகல் வெளிச்சத்தில் உங்கள் வீட்டைச் சுற்றி ஒன்றிரண்டு கிலோமீற்றர் நடந்து, தண்ணீர் நிற்கிற ஒவ்வொரு இடத்தையும் பார்த்து வையுங்கள். யானை இறங்குகிற பாதை எது, மாட்டுப் பட்டி எங்கே, மின்வேலி எதுவரை, கட்டில்லாத வயல்கிணறு எங்கே என்று கேளுங்கள். கட்டில்லாத கிணற்றில் யானைக்குட்டியும் விழுகிறது, இருட்டில் நடக்கிற மனிதனும் விழுகிறான்.

குளத்தில் குளிப்பதானால் ஊர்ச் சனம் குளிக்கிற துறையில், அவர்கள் குளிக்கிற நேரத்தில் மட்டும். தண்ணீர் குறையக் குறைய முதலைகள் மிஞ்சிய மடுவுக்குள் நெருங்கும். சில இரவில் தரைவழியாகவே அடுத்த குளத்துக்கு நடக்கும். துருசடியிலும் (மதகடியிலும்) தாமரை மூடிய ஓரத்திலும் இறங்காதீர்கள்.

யானை

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வன்னியில் யானையால் நடக்கிற உயிரிழப்புகளில் பல, யானையைத் தேடிப் போய் நடந்தவை அல்ல. பொழுதுபட்ட பிறகு சைக்கிளில் வீட்டுக்கு வந்தவர், விடியமுன் மாட்டை அவிழ்க்கப் போனவர், வளவுக்குப் பின்னால் போனவர். ஆகவே முதல் விதி நேரத்தைப் பற்றியது. காட்டை ஊடறுக்கிற வீதியில் பின்னேரம் ஆறு மணியிலிருந்து விடிய ஆறு மணிவரை நடையும் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் வேண்டாம். புளியங்குளம் - நெடுங்கேணி வீதி, மாங்குளம் - ஒட்டுசுட்டான் வீதி, செட்டிகுளம், மடுப் பக்கம் எதிலும் இதுதான். கடைசி பஸ் தவறினால் தெரிந்தவர் வீட்டில் தங்குங்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். தங்கச் சொல்லி மறிப்பதே இங்கத்தைய பழக்கம்.

இரண்டாவது விதி காற்றைப் பற்றியது. யானைக்கு மூக்கு உயிர். உங்கள் மணம் காற்றோடு அதனிடம் போனால் அநேகமாக அது தானாகவே விலகிவிடும். சோளகம் அதன் பக்கமிருந்து உங்கள் பக்கம் வீசினால் உங்கள் மணம் அதற்குக் கிடைக்காது. பலத்த காற்றில் கொப்பு முறிகிற சத்தமும் உங்களுக்குக் கேட்காது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் அறியாமல் பத்து யாருக்குள் வந்துவிடுவீர்கள். மத்தியானக் காற்று நேரத்தில் காட்டோரம் நடக்க வேண்டி வந்தால் கதைத்துக்கொண்டே நடங்கள். தனியாகப் போகிறவர் செருமிக்கொண்டு, தடியால் மரத்தில் தட்டிக்கொண்டு போவார். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு போவதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும்.

மூன்றாவது, தடம். எங்கள் சின்னக்குளத்து அலைகரையில் ஒரு பின்னேரம் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு நின்றேன். அங்கே மாடு மேய்க்கிற ஐயா ஒருவர் தடியால் ஒரு தடத்தைச் சுற்றி வட்டம் கீறினார்.

"சேர், இதைப் பாருங்கோ. விளிம்பு பிட்டுப் போகாமல் நிக்குது. மத்தியானக் காத்து இதைத் தின்னேல்லை. அப்ப இது எப்பத்தையான்?"

"காத்து விழுந்த பிறகு."

"ஓம். இப்ப ஒரு மணித்தியாலத்துக்கு உள்ளை. பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிடுங்கோ."

குனிந்து பார்த்தேன். பாதத்தின் சுருக்கக் கோடுகள்கூட மண்ணில் அப்படியே இருந்தன. பக்கத்தில் நேற்றைய தடம் ஒன்று. அதன் விளிம்பு மழுங்கி, உள்ளே சருகும் புழுதியும் நிறைந்து, குறுக்கே எறும்பு ஒழுங்கை ஒன்று போயிருந்தது. அந்த வித்தியாசத்தை ஒருமுறை கண்ணால் பார்த்தவர் மறக்கமாட்டார். முன்னங்கால் தடத்தின் சுற்றளவை நூலால் அளந்து இரட்டித்தால் யானையின் தோள் உயரம் ஏறக்குறைய வரும். அன்றைக்கு நாங்கள் அளக்க நிற்கவில்லை. ஆவி பறக்கிற லத்தியைக் கண்டாலும் அதே மாதிரித் திரும்பிவிடுங்கள்.

வாகனத்தில் போகும்போது வீதியில் யானை நின்றால், நூறு மீற்றர் தள்ளியே நிறுத்துங்கள். எஞ்சினை நிறுத்தாமல், லைற்றைத் தாழ்த்தி, ஹோர்ன் அடிக்காமல், தேவையானால் பின்னால் எடுங்கள். காதை விசிறி, வாலை ஆட்டிக்கொண்டு மேய்ந்தால் அது தன்பாட்டில் நிற்கிறது. காதை விரித்து அசையாமல் நின்று, வாலைத் தூக்கினால் அது உங்களை எச்சரிக்கிறது. தந்தம் இல்லை, பெண் யானைதானே என்று கிட்டப் போகாதீர்கள். இலங்கையில் ஆண் யானைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தந்தம் கிடையாது. கன்னத்தில் மதநீர் வழிகிற ஆணை எந்தத் தூரத்தில் கண்டாலும் திரும்புங்கள். பஸ்ஸிலிருந்து வாழைப்பழம் எறிவதைச் சிலர் அன்பு என்று நினைக்கிறார்கள். அந்த யானை அடுத்த முறை மறிப்பது ஒரு கர்ப்பிணிப் பெண் வருகிற ஓட்டோவாக இருக்கலாம்.

வீட்டில் நெல்மூட்டையும் உப்பும் வைத்திருந்தால் படுக்கிற அறையில் வைக்காதீர்கள். மணம் பிடித்துச் சுவரை உடைத்துத்தான் எடுக்கும். ஆடி, ஆவணியில் பனம்பழமும் விளாம்பழமும் விழும். விழுந்ததைப் பொழுதுபட முன் பொறுக்கிவிடுங்கள். மின்வேலிக் கடப்பைத் திறந்தால் திரும்ப மூடுங்கள். யானை வெடியைப் பழக்கமில்லாத கையால் கொளுத்த வேண்டாம், விரல் போனவர்கள் இருக்கிறார்கள். வளவுக்குள் யானை வந்துவிட்டால் வெளியே ஓடாமல் உள்ளே இருந்து, அயலுக்குப் போன் எடுத்து, வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

யானையைப் பற்றி இவ்வளவு எச்சரிக்கை சொன்னாலும் அதை எதிரியாகப் பார்க்கப் பழக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதன் பாதையில்தான் நாங்கள் பல இடங்களில் வேலி போட்டிருக்கிறோம்.

கரடியும் பாலைப்பழமும்

ஆனி, ஆடியில் பாலைப்பழம் பழுக்கும். மஞ்சளாய், சின்னதாய், பால் ஒட்டுகிற அந்தப் பழத்தைத் தின்னாமல் வன்னிக்கு வந்தேன் என்று சொல்லாதீர்கள். ஆனால் சந்தையிலோ வீதியோரத்திலோ பேணிக்கணக்கில் விற்கிறவர்களிடம் வாங்கித் தின்னுங்கள். கரடிக்கும் அது உயிர். மரத்தில் ஏறிக் கொப்பை முறித்துத் தின்னும். வீரைப்பழத்துக்கும் அப்படித்தான். கறையான் புற்றுப் புதிதாகக் கிளறிக் கிடந்தாலும், பாலையடியில் பச்சைக் கொப்பு முறிந்து கிடந்தாலும் அந்த இடத்தை விட்டு வந்த வழியே திரும்புங்கள். கரடிக்குக் கண் அவ்வளவு தெளிவில்லை, திடுக்கிட்டால் முகத்தைத்தான் பிறாண்டும். தூரத்தில் கண்டால் ஓடாமல் மெல்லப் பின்வாங்க வேண்டும். பாய்ந்துவிட்டால் குப்புற விழுந்து, கழுத்தை இரண்டு கையாலும் மூடிக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் பழைய காட்டுக்காரர் யானையை விடக் கரடிக்குத்தான் கூடப் பயப்படுவார்கள்.

பாம்பு

வெயில் ஏற ஏறப் பாம்பு குளிர்ச்சி தேடும். தண்ணீர்ப்பானையடி, குளியலறை மூலை, செங்கல் அடுக்கு, விறகுக் குவியல். எதையும் கையால் தூக்க முன் தடியால் தட்டுங்கள். சப்பாத்தைக் கவிழ்த்து உதறிப் போடுங்கள். தேளும் மட்டத்தேளும் புலிமுகச் சிலந்தியும் அதற்குள்தான் இருக்கும். வெக்கைக்கு நிலத்தில் பாய் போட்டுப் படுக்க ஆசை வரும். கட்டில் இல்லாவிட்டாலும் நுளம்பு வலையை நாலு பக்கமும் பாய்க்குக் கீழே செருகிவிட்டுப் படுங்கள். கட்டுவிரியன் இரவில்தான் வரும். அது கடித்தால் நோவே தெரியாமல் போகலாம். விடியற்புறம் வயிற்றுவலியோடு எழும்பி, கண்ணிமை தூங்கி விழுந்தால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், காப்பைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள். பாம்பை அடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான் ஏற்றுவார்கள். விஷகடி வைத்தியரை மதிப்பவன் நான். ஆனாலும் முதலில் வைத்தியசாலை.

கால் வைக்கக்கூடாத இடம்

மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நின்றால் அதற்கு அப்பால் ஒரு அடியும் இல்லை. மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. பலகையைக் காற்று சாய்த்திருக்கலாம், புழுதி மூடியிருக்கலாம். அதனால் சனம் நடக்காத பாதையில் பலகை இல்லாவிட்டாலும் போகாதீர்கள். மண்ணில் இரும்பு போல எதுவும் தெரிந்தால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பிப் போய்ப் பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள்.

இன்னொன்று, களவாக வேட்டையாடுகிறவர்கள் தண்ணீருக்கு வருகிற மிருகப் பாதையில் கட்டுத்துவக்கும் (தட்டுப்பட்டால் தானே வெடிக்கிற துவக்கு) சுருக்குக் கம்பியும் வைக்கிறார்கள். பன்றிக்கென்று வெறும் மின்கம்பி இழுக்கிறவர்களும் உண்டு. பழத்துக்குள் வெடி மறைத்துப் போடுகிறவர்களும் உண்டு. காட்டுப் பாதையில் தனியாகக் கிடக்கிற வத்தகப்பழத்தையோ பூசணிக்காயையோ காலால் தட்டாதீர்கள். மரை இறைச்சி, உடும்பு இறைச்சி என்று யாராவது இரகசியமாகக் கொண்டுவந்தால் வாங்காதீர்கள். சட்டமும் விடாது, அந்தக் காசுதான் அடுத்த கட்டுத்துவக்கை வாங்கும்.

பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு

மேலே சொன்னதையெல்லாம் வாசித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிடாதீர்கள். மிருகங்களையும் பறவைகளையும் இவ்வளவு வெளிப்படையாக வேறு மாதத்தில் பார்க்க முடியாது. தண்ணீர் சுருங்கச் சுருங்க எல்லாம் அதன் ஓரத்துக்கு வரும். மன்னார் வீதியில் கட்டுக்கரைக் குளக்கட்டுக்கு விடிய ஆறரைக்குப் போங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற மாதிரிக் கிழக்குப் பக்கம் நில்லுங்கள். மிஞ்சிய தண்ணீரில் மீன் நெருங்கிக் கிடக்கும். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, நீர்க்காகம் எல்லாம் ஒரே இடத்தில் நிற்கும். இரணைமடுக் குளக்கட்டு பின்னேரத்துக்கு நல்லது, ஐந்தரைக்குத் திரும்பிவிட வேண்டும். மன்னார்ப் பக்கம் வங்காலையில் பூநாரையைத் தேடிக் கோடையில் போய் ஏமாறாதீர்கள். அவை வாடைக்காற்றோடு, மழைக்குப் பிறகு வருகிற விருந்தாளிகள். அந்த ஈரநிலம் 2010 இல் ராம்சார் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது, மாரி முடியப் போய்ப் பாருங்கள்.

ஆவணி மாதாவின் திருவிழாவுக்கு மடுவுக்குப் போனால் பாலை மரங்களுக்குக் கீழே கொட்டில் போட்டுத் தங்குகிற குடும்பங்களோடு தங்கலாம். அங்கே இரவில் கூட்டத்தை விட்டு ஒதுக்குப்புறமாகப் போகாமல் இருந்தால் போதும்.

மிருகமோ பறவையோ பார்க்கப் போகும்போது மண்நிறத்திலோ சாம்பல் நிறத்திலோ பருத்தி உடுப்பு, நீளக்கால் சட்டை, மூடிய சப்பாத்து, தொலைநோக்கி இருந்தால் அது, இரண்டு லீற்றர் தண்ணீர், டோர்ச். வாசனைத் திரவியம் வேண்டாம். வந்ததும் கணுக்கால், இடுப்புப் பக்கம் உண்ணி பார்த்து எடுத்துவிட்டுக் குளியுங்கள்.

மழை வருமுன்

புரட்டாதிக் கடைசியில் காற்று திசை மாறித் தளம்பும். பின்னேரத்தில் தெற்கே இடி கேட்கும். அப்போது கூரையில் ஏறி, ஐந்து மாதப் புழுதியையும் சருகையும் தள்ளி, பீலியைத் துப்புரவாக்குங்கள். முதல் மழை பெய்யும்போது மண் மணத்துக்கு எல்லாரும் முற்றத்துக்கு ஓடுவோம். ஓடுங்கள், ஆனால் செருப்போடும் டோர்ச்சோடும். பொந்துக்குள் தண்ணீர் போனதும் பாம்பும் தேளும் வெளியே வரும். அந்த முதல் மழைத் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்காதீர்கள், கூரையில் மிஞ்சியிருக்கிற புழுதி முழுக்க அதில்தான் கரைந்து வரும். அதை ஓட விட்டுவிட்டு, இரண்டாவது மழைக்கு வாளியை வையுங்கள்.